பதினோராவது டேக்

"கட்."

டைரக்டர் வசனத்தாளைச் சுருட்டித் தரையில் அடித்தார். இது பத்தாவது டேக்.

நூறு வருஷத்துக்கு முந்தைய ரஷ்ய நாடகம். டிவிக்காக எடுக்கிறார்கள். பண்ணையார் கிழட்டு வேலைக்காரனைக் கன்னத்தில் அறைய வேண்டும். அந்த ஒரு அறையில்தான் நாடகமே நிற்கிறது என்பது டைரக்டரின் கட்சி.

"மேடை மாதிரி சும்மா கையை வீசக்கூடாது. நிஜமா அறையணும். வேலைக்காரனும் மனுஷன்தானேன்னு பார்க்கிறவன் ரத்தம் கொதிக்கணும்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

பண்ணையார் வேஷக்காரர் மேடையில் முப்பது வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவர். இரண்டு பக்க வசனத்தை மூச்சு விடாமல் சொல்கிறார். கையை ஓங்குவதற்கு முன்னால் வரும் 'உன்னை யார் கேட்டது' என்ற வரியில் மட்டும் உளறுகிறார். பத்து தடவையும் அதே இடம்.

"மூணே வார்த்தை சார். கிளிப்பிள்ளைகூடச் சொல்லும்."

"மன்னிச்சிடுங்க. வயசாயிடுச்சு."

"வயசானா வீட்ல கிடக்கணும். என் உயிரை ஏன் வாங்குறீங்க?"

லைட்மேன்கள் சிரித்தார்கள். எதிரே வேலைக்காரன் வேஷத்தில் நின்ற பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பண்ணையார் கண்ணாலேயே அவரை அடக்கினார்.

பதினோராவது டேக். அதே வரி, அதே உளறல்.

டைரக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. "போதும். கையை மட்டும் வீசித் தொலைங்க. சத்தத்தை அப்புறம் சேர்த்துக்கறேன். இனி என் தொடர் எதுலயும் உங்களுக்கு வேஷம் கிடையாது."

"சரிங்க" என்றார் பண்ணையார்.

அடுத்த டேக்கில் வசனம் பிசகாமல் வந்தது, அந்த மூன்று வார்த்தை உட்பட. கை காற்றில் போனது. ஒரே டேக்கில் ஓகே.

"வேணும்னே செஞ்சிருக்கான் மனுஷன்" என்று கத்திக்கொண்டே டைரக்டர் மேக்கப் அறைக்குள் நுழைந்தார்.

அங்கே வேலைக்காரப் பெரியவர் மட்டும் விக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். இடது காதை மூடிப் பெரிய பிளாஸ்திரி.

"என்ன இது?"

"காதுல ஆபரேஷன் சார். அஞ்சு நாளாச்சு. அடி கிடி பட்டா காதே போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். பண்ணையாருக்கு மட்டும்தான் தெரியும்."

"என்கிட்ட ஏன்யா சொல்லலை?"

பெரியவர் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"முதல் நாள் அந்தச் சமையல்காரி வேஷத்துக்கு வந்த அம்மா, காய்ச்சல்னு உங்ககிட்டதான் சார் சொன்னாங்க. அடுத்த பஸ்லயே ஏத்தி அனுப்பிட்டீங்க."