வெள்ளிக்கிழமைக்குள்

"வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றாள் ஐரீன்.

மார்ட்டாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. ஐரீன், வோல்யா கிரீக் கிராமத்தின் அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் பிரின்சிபால். அதற்கும் முன்னால் மார்ட்டாவின் தோழி. எப்போதும் "வாடி" என்கிறவள் இன்று "நீங்க" போட்டுப் பேசுகிறாள்!

மார்ட்டா கேட்க வந்தது யோசனைதான். போன வருடம் அண்ணன் டாராஸ் குட்டையில் மூழ்கிச் செத்ததிலிருந்து, மகள் ஹலீனா வகுப்பில் வாயே திறப்பதில்லை. வீட்டில் பேசுகிறாள். நாயிடம்கூடப் பேசுகிறாள். அவளை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைத்தால் என்ன?

"அறுவடை முடியட்டும், ஐரீன். ஓரஸ்ட் ராப்பகலா வயல்லதான் கிடக்கிறார். அக்டோபர்ல தேங்க்ஸ்கிவிங் பண்டிகை கழிச்சு நிதானமா..."

"அக்டோபர் வரைக்கும் முடியாது. நகரத்துப் பள்ளி போர்டுல வீட்டுப் படிப்புக்குப் பதிவு பண்றாங்க. அங்க போங்க."

"இன்னும் ரெண்டு வாரம் என் பிள்ளை இங்க உட்கார்ந்திருந்தா உனக்கு என்னடி குறைஞ்சிடும்?"

ஐரீன் திறந்திருந்த கதவைப் பார்த்தாள். வெளியே கிளார்க் டோரீன் உட்கார்ந்திருந்தாள்.

"திங்கட்கிழமை ஹலீனா இங்க வரக்கூடாது. அவ்வளவுதான்."

"பேசாத பிள்ளை உனக்குப் பாரமாயிடுச்சு. அதை வாய்விட்டுச் சொல்லேன்!"

ஐரீன் அடுத்த கோப்பை எடுத்துப் பிரித்தாள்.

விஷயம் கேட்டுக் கணவர் ஓரஸ்ட் அறுவடை இயந்திரத்தையே நிறுத்திவிட்டார்.

"யாரு, ஐரீனா? நம்ம டாராஸைப் புதைச்சப்போ உன்னைக் கட்டிப் பிடிச்சு அழுதாளே, அவளா?"

"அவளேதான். பாவி!"

புதன்கிழமை மாலை சர்ச் கூடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, உருளைக்கிழங்கு வைத்துப் பைரோஹிக் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஐரீன் வரவில்லை. மார்ட்டா மனதில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள்.

"ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற மகராசி, ஊமையாப் போன பிள்ளையைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுறா! நல்லா இருப்பாளா?"

எதிரே இருந்த போலீனா நிமிர்ந்தாள். அவள் ஊர்ப் பள்ளியை நடத்தும் போர்டில் ஓர் உறுப்பினர்.

"வெள்ளிக்கிழமைக்குள்ளன்னா சொன்னா? அவ வாயாலயா?"

"அவ வாயாலதான். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

போலீனா கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம். நகரத்து போர்டு அலுவலகத்தில் ஹலீனாவின் பெயரைப் பதிந்து முடித்தார் ஒரு வயதான அம்மாள்.

"பேச்சுப் பயிற்சிக்கு டீச்சர் கேட்டிருக்கீங்க. வாராவாரம் வீட்டுக்கே வருவாங்க. உதவித்தொகையில அடங்கிடும்."

மார்ட்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர்கள் கைக்காசுக்கு எட்டாத டீச்சர் அது.

"நல்லவேளை, இன்னிக்கு வந்தீங்க" என்றார் அம்மாள்.

"ஏன்?"

"இன்னிக்குத்தான் தலை எண்ணுற நாள். இன்னிக்குப் பிள்ளை எந்த போர்டு கணக்குல இருக்கோ, வருஷம் பூரா பணம் அவங்களுக்கு. திங்கட்கிழமை வந்திருந்தா பேரைப் பதிஞ்சிருப்போம், உதவித்தொகை தந்திருக்க முடியாது. அதுக்காகவே சில பள்ளிக்கூடத்துல, 'அவசரப்படாதீங்க, அடுத்த வாரம் பார்க்கலாம்'னு தேனா பேசுவாங்க. உங்க பள்ளிக்கூடம் எது?"

"வோல்யா கிரீக். அங்கதான் வெள்ளிக்கிழமைக்குள்ள போகச் சொன்னாங்க."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"அங்கயா? பிள்ளைங்க எண்ணிக்கை குறைஞ்சா இழுத்து மூடிடுவோம்னு உங்க ஊர் போர்டு மிரட்டிட்டிருக்கிற பள்ளிக்கூடமாச்சே! அவங்களா உங்களை இன்னிக்குள்ள போகச் சொன்னாங்க?"

மார்ட்டா மெல்லத் தலையாட்டினாள்.

"சொன்னது யார்னு என்கிட்டகூடச் சொல்லாதீங்க" அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "தன் போர்டுக்கு வர்ற பணத்தைத் தானே வெளியே அனுப்பினதாத் தெரிஞ்சா, அவங்க வேலை போயிடும். உங்க ஊர்ல யார் காதுலயும் விழாமப் பார்த்துக்குங்க."

மார்ட்டா வாசலுக்கு ஓடினாள். பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். டோரீன்தான் எடுத்தாள்.

"ஐரீனைக் கூப்பிடு, டோரீன். சீக்கிரம்!"

"அவங்க இல்லையே, மார்ட்டா. காலையில போலீனாவும் போர்டு ஆளுங்களும் வந்து வேலையை விட்டு நிறுத்திட்டாங்க" டோரீனின் குரல் உடைந்தது. "சாட்சின்னு உன் பேரைத்தான் போட்டிருக்காங்க."