ஐந்தாம் நம்பர் டப்பா

காலை ஏழு இருபது ரயிலுக்காக ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் நின்றிருந்த முத்தம்மாவுக்கு, தவளை ஆராய்ச்சி செய்யும் தேவதர்ஷினியிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, அன்னிக்கு நீங்க டப்பாவுல புடிச்சுக் குடுத்த உங்க ஊர்க் குளத்துத் தவளைங்களோட ரிசல்ட் வந்துடுச்சு. பார்வைக்கு அஞ்சும் ஒண்ணுதான். ஆனா மரபணுவைப் பார்த்தா ஒண்ணு மட்டும் தனி இனம். இதுவரைக்கும் உலகத்துல யாரும் பதிவு பண்ணாதது.”

“அப்போ கம்பெனிக்காரன் அந்தக் கழிவுக் குட்டைய மண்ணு கொட்டி மூடித்தான் ஆவணும். குளத்துல கசியுது, கை கால்லாம் புண்ணாவுதுன்னு எத்தினி மனு குடுத்துக்கினு இருக்கோம். நாங்க சொல்லி கேக்காதவன் தவளை சொன்னா கேப்பான்.”

“கேட்டுத்தான் ஆகணும். அது வாழற இடத்துல இனிமே ஒரு கூடை மண்ணு கொட்டவும் விடமாட்டோம். இன்னிக்கே கலெக்டருக்கு எழுதறேன்.”

முத்தம்மா சிரித்தாள். “எந்தத் தவளைம்மா அது?”

“அஞ்சாம் நம்பர் டப்பா.”

சிரிப்பு நின்றது. அன்று குளத்தில் நான்குதான் சிக்கின. ஐந்து கேட்டிருக்கிறாளே என்று, திரும்பும் வழியில் கம்பெனியின் கழிவுக் குட்டையில் ஒன்றைப் பிடித்து எண்ணிக்கையைச் சரிக்கட்டியிருந்தாள்.

“அக்கா, லைன்ல இருக்கீங்களா? அதைக் குளத்துல எந்தப் பக்கம் புடிச்சீங்க?”