பச்சை ரப்பர்ப் புழு

“அண்ணை, இழுக்குது,” என்று சிறிதரன் சொன்னபோது, கதிர்காமநாதன் கையிலிருந்த தேத்தண்ணீர்க் கோப்பையைக் கல்லில் வைப்பதாக நினைத்துக் காற்றில் வைத்தார்.

கோப்பை நெப்பியன் ஆற்றோடு போயிற்று.

போகட்டும். இன்றைக்குச் சிறிதரனுக்கு ஒரு பாஸ் மீன் அகப்பட்டே ஆகவேண்டும்.

வருகிற புதன்கிழமை அவனும் மனைவி நிரஞ்சினியும் மெல்பேர்ணுக்கு வீடு மாறுகிறார்கள். அங்கே டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. இந்தக் கல்லில் இருவரும் சேர்ந்து உட்காரும் கடைசி ஞாயிறு இது.

அவனுக்கு மீன்பிடிக்கப் பழக்கிவிட்டவர் கதிர்காமநாதன்தான். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில், கார் நிறுத்துகிற இடத்தில், வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து தன் தூண்டில் தடியைக் காட்டினார். மலிவுக் கடைத் தடி. கூடவே ஒரு பெட்டி நிறைய ரப்பர்ப் புழுக்கள்.

“சைவப் புழு, தம்பி. கோயில் வாசல்லை வைச்சுக் காட்டினாலும் குற்றமில்லை.”

அன்று தொடங்கியது. ஞாயிறு விடிந்தால் இந்தக் கரை, இந்தச் சவுக்கு மர நிழல், ஒரு பிளாஸ்க் தேத்தண்ணீர், கதிர்காமநாதனின் மனைவி யோகா சுற்றித்தரும் ரோல்ஸ். ரோல்ஸுக்குள் எப்போதும் கடையில் வாங்கிய, தகரத்தில் அடைத்த ரின் மீன்தான். கணவர் ஆற்றிலிருந்து கொண்டுவரப் போகும் மீனில் யோகாவுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவளையும் குறை சொல்ல முடியாது. கதிர்காமநாதன் அந்த ஆற்றில் பிடித்தவற்றில் பாதிக்கு மேல் மரக்கொப்புகள். ஒருமுறை தன் தொப்பியையே பிடித்தார்.

சிறிதரன் அப்படியில்லை. பழகிய மூன்றாம் கிழமையே குருவைத் தாண்டிவிட்டான். அவர் வெளியில் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். உள்ளுக்குள் முருகனிடம் முறையிட்டார்.

முருகன் கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்டார். ஆனால் வஞ்சகமில்லாமல் கேட்டார். இந்த வருடம், 2011இல், பாஸ் பிடிக்கும் பருவம் தொடங்குகிற செப்டெம்பர் பிறந்து நவம்பரும் ஆகிவிட்டது. சிறிதரனுக்கு ஒரு மீன் கூட இல்லை. கடிக்கும், இழுக்கும், கரைக்குக் கிட்ட வந்ததும் கழன்று போய்விடும்.

தொடக்கத்தில் கதிர்காமநாதனுக்குப் பரம சந்தோஷம். போகப் போகச் சோறு இறங்கவில்லை. தான் கேட்ட வரத்தைத் திருப்பிக் கொடுக்க எந்தச் சன்னதிக்குப் போவது என்று தெரியாமல் தவித்தார்.

“தாடியை வழியடா. மீன் உன்னைச் சாமியார் எண்டு நினைச்சுக் கும்பிட்டுட்டுப் போகுது,” என்றும் சொல்லிப் பார்த்தார்.

அவன் சிரித்தான். தாடியை வழிக்கவில்லை.

அதனால்தான் இன்று காலை தன்னுடைய அதிர்ஷ்டப் புழுவையே கழற்றிக் கொடுத்தார். பச்சை நிறம்; வாலில் ஒரு பழைய கடி. யோகாவைக்கூட அதைத் தொடவிட்டதில்லை. யோகா தொடக் கேட்டதுமில்லை. சிறிதரன் அதை வாங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு, தன் தூண்டில் முள்ளில் கோர்த்தான்.

இப்போது தடி வளைந்து நிற்கிறது. தண்ணீருக்குள் வெண்கலம் மினுங்கிய மாதிரி மீனின் ஒரு பக்கம் திரும்பியது. நல்ல மீன்.

“மெல்ல. மெல்லச் சுத்தடா.”

மீன் கரைக்கு வந்தது. ஒருதரம் வாயைத் திறந்தது. போய்விட்டது.

கதிர்காமநாதன் சிறிதரனின் முகத்தில் கவலையைத் தேடினார். அங்கே அது இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டவன் மாதிரி, மீன் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

புழுவாவது தப்பியதா என்று அவர் நூலைப் பிடித்து இழுத்தார். பழக்கதோஷத்தில், முள்ளைப் பெருவிரல் நகத்தில் வைத்துக் கூர் பார்த்தார்.

கூர் இல்லை.

முறிந்திருக்கவில்லை. வெட்டியிருந்தது. வெட்டிய முனை அரத்தால் மழுக்கப்பட்டும் இருந்தது.

அவர் நிமிர்ந்து அந்தத் தாடியைப் பார்த்தார். மனைவி பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது கணவன் முடி வெட்டக்கூடாது, உயிர் கொல்லக்கூடாது என்று அவருக்கும் ஒரு காலத்தில் அம்மா சொல்லியிருக்கிறார். அவர் தலையாட்டிவிட்டு நேரே சலூனுக்குப் போனவர்.

சிரிக்க வாயெடுத்தவருக்குப் போன வருட வைகாசி ஞாபகம் வந்தது.

இதே கல். சிறிதரன் பிடித்ததிலேயே பெரிய மீன். அறுத்தபோது வயிறு முட்டச் சினை. யோகா மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்தாள். தட்டை வழித்துத் தின்றவர் கதிர்காமநாதன்.

அதே கிழமைக்குள்தான் நிரஞ்சினியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். மூன்று மாதக் கரு. தங்கவில்லை.

இரண்டையும் அவர் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை. சிறிதரன் நினைத்திருக்கிறான்.

மீன் வேண்டாமென்றால் அவன் ஆற்றுக்கு வராமலே இருந்திருக்கலாம். ஒரு ஞாயிறும் தவறவில்லை. விடியவே வந்து, இந்தக் கல்லில் இருந்து, அவருடைய பழைய பகிடிகளுக்கெல்லாம் புதிதாகச் சிரித்திருக்கிறான்.

அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லையடா என்று விளக்கம் சொல்லலாம். ஒரு பகிடி விட்டுச் சமாளிக்கலாம். ஐம்பத்தாறு வருடமாகச் சேர்த்த சரக்கு அவரிடம் இருந்தது. அவர் கையை நீட்டினார்.

“கம்பி வெட்டுற குறட்டைத் தா,” என்றார்.

அது அவனுடைய சட்டைப்பையிலேயே இருந்தது.

கதிர்காமநாதன் தன் தடியை மடியில் வைத்தார். தன் முள்ளின் கூர்முனையை நறுக்கி எடுத்து, கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சிறிதரனின் தாடிக்குள்ளிருந்து மெல்லச் சிரிப்பு வந்தது.

“என்ன அண்ணை, யோகா அக்காவுக்கும் விசேஷமோ?”