சொல்லக்கூடாத 'வரேன்'

"ஏண்டி, போறப்போ 'வரேன்'னு சொன்னா வாய்முத்து உதிர்ந்துடுமா?" என்று ஒருநாள் பூங்கோதை அக்கா என்னைக் கேட்டார். கீரைக்கட்டை நீட்டிவிட்டு, சிரித்து மழுப்பினேன்.

தெருவில் விற்கிற எங்களுக்கு நகராட்சி கொடுத்த வில்லை, கழுத்தில் தொங்கியபடி பேச்சையெல்லாம் கேட்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு நாளில் ஒரு முறைதான் அனுமதி. 'வரேன்' என்றால், மறுபடியும் வரப்போகிறேன் என்று பதிந்துகொண்டு, விதிமீறல் என அது சிவந்துவிடும். என் வில்லை ஏற்கெனவே இரண்டு முறை சிவந்துவிட்டது. இன்னொரு முறை சிவந்தால் உரிமம் போய்விடும்.

இன்று அக்கா கீரை வாங்கவில்லை. "நாளைக்கு எனக்கு நெஞ்சு ஆபரேஷன். இன்னிக்காவது சொல்லிட்டுப் போடி" என்றார்.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வில்லை கழுத்தில் உறுத்தியது. அவரிடம் போய் 'போறேன்' என்றா சொல்வது?

தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அது இல்லாமல் நான் கூடை சுமந்ததே இல்லை என்பது அக்காவுக்குத் தெரியும். கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வாய் திறக்காமல் படியிறங்கினேன்.