தவறாமல் விழுங்கியவள்

காலைப் பத்து மணி வெயில் சன்னல் கம்பிகளின் நிழலை என் மேசைமேல் சாய்த்துப் போட்டிருக்கிறது. எதிரே தையல்காரி உட்கார்ந்திருக்கிறாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. எச்.ஐ.வி.க்கு மாத்திரை தொடங்கி ஒன்றரை வருடமாகியும் அவள் ரத்தத்தில் கிருமி குறையவில்லை, உடம்புதான் துரும்பாய் இளைத்துக்கொண்டே வருகிறது. “மாத்திரையை முழுங்காம எங்கிட்ட கதை விடாத” என்று போன மாதம் இதே நாற்காலியில் வைத்து அவளைக் கடிந்தவள் நான்தான். இந்த மருத்துவமனையில் நான் ஆலோசகர். பதினோரு வருடமாக எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்ற திமிர். இப்போது பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. மருந்துக்கு மசியாதபடி முன்பே மாறிப்போன கிருமிதான் அவளுக்குத் தொற்றியிருக்கிறது. ஒருநாள் விடாமல் விழுங்கினாலும் அந்த மாத்திரை அவளுக்குக் கேட்டிருக்காது.

“உங்க மேல தப்பே இல்லக்கா. வேற மருந்து இருக்கு, இன்னிக்கே மாத்திடலாம். நான் பேசினதுதான் தப்பு. மன்னிச்சிடுங்க.”

மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது. அவள் கோபப்படவில்லை. மடியிலிருக்கும் பையின் காதைச் சுருட்டுகிறாள், பிரிக்கிறாள்.

“அப்ப நான் மறக்கவே இல்லதானே மேடம்? நீங்க அவ்ளோ உறுதியா சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. போட்டோமா இல்லையான்னு குழம்பி, பல நாள் ரெண்டு தடவ முழுங்கிட்டேன். குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி. தாங்கிக்கிட்டேன்.”

இதைக் குறிப்பேட்டில் எழுதியாக வேண்டும். பேனாவைத் திறக்கிறேன். கை எழுத மாட்டேனென்கிறது.