சம்பந்தி வந்திருந்த நேரம்

"அம்மாவுக்குக் காத்துப் பிரிஞ்சுதா?"

நர்ஸ் வாசலில் நின்றபடியே கேட்டாள். வராந்தாவில் போன நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் மெதுவா சிஸ்டர். பக்கத்துல வந்து கேட்டா நான் சொல்ல மாட்டேனா?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகியும் அவர் சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்து யாரும் பார்த்ததில்லை.

"மெதுவாக் கேட்டா மட்டும் வந்துடுமா சார்? உண்டா, இல்லையா?"

"இல்லை."

கட்டிலில் அவர் மனைவி உலர்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள். போன வருடம் குடலில் வந்த புற்றுநோயை வெட்டி எடுத்து, வயிற்றில் ஒரு பையை மாட்டி அனுப்பியிருந்தார்கள். இப்போது பையை எடுத்துவிட்டுக் குடலை மறுபடி இணைத்தாயிற்று. குடல் வேலை செய்கிறது என்பதற்குக் காற்றுதான் அத்தாட்சி. அது பிரியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது, அவசரப்பட்டுக் கொடுத்தால் ஆபத்து, நாளைக் காலைக்குள் வராவிட்டால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

குடும்பமே அந்த ஒன்றுக்காகத் தவம் கிடந்தது. அந்த வார்த்தையைத் தன் வீட்டார் வாயால் சொல்லக் கூடாது என்பது ஸ்டேஷன் மாஸ்டர் போட்ட உத்தரவு. அதனால் மகன் ஆபீஸிலிருந்து போன் செய்து, "வண்டி வந்துச்சாப்பா?" என்று கேட்பான். "இன்னும் சிக்னலே விழலை" என்பார் இவர்.

"இன்னொரு நடை நடந்து பார்க்கலாமாம்மா?" என்றாள் மகள்.

"நடந்த நடைக்கு இந்நேரம் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்டி. ஒரு வாய் தண்ணி குடுங்க. அப்புறம் செத்தாலும் சரி."

"பேசாம படு. வரவேண்டியது வழி மாறிப் போயிடப் போகுது" என்று அதட்டினார் ஸ்டேஷன் மாஸ்டர்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார் சம்பந்தி. மகளின் மாமனார், ஓய்வு பெற்ற ஜட்ஜ். கஞ்சி போட்ட சட்டை, கஞ்சி போட்ட பேச்சு. கையில் ஒரு கூடை ஆரஞ்சுப் பழம். நோயாளியின் பார்வை கூடையை விட்டு நகரவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. மனைவியின் காதருகே குனிந்தார். "சம்பந்தி போறவரைக்கும் கொஞ்சம் அடக்கிக்கோ."

"வராததை எப்படிங்க அடக்கறது?"

சுவரோரம் கிடந்த மரப் பெஞ்சில் இரண்டு பெரியவர்களும் முதுகு சாயாமல் உட்கார்ந்தார்கள்.

"ரொம்ப இளைச்சுட்டாங்களே சம்பந்தி."

"எல்லாம் தேறிடுவா சம்பந்தி."

மகள் கட்டில் விரிப்பைச் சரிசெய்தாள்.

அப்போதுதான் அது கேட்டது. நீளமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

"வந்துடுச்சு!" மகள் துள்ளிக் குதித்தாள். "அம்மா! என் தங்கம்!" அம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். "சிஸ்டர், வந்துடுச்சு! தண்ணி கொண்டாங்க!"

"எனக்கா வந்துச்சு?" நோயாளி விழித்தாள். "ஒண்ணுமே தெரியலையே. மருந்துல மரத்துப் போச்சு போல. சரி, குடு குடு."

நர்ஸ் டம்ளரும் ஸ்பூனுமாக வந்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து குறுக்கே நின்றார்.

"குடுக்காதீங்க சிஸ்டர். அது அவ இல்லை." தொண்டையைச் செருமினார். "நான்."

ஜட்ஜ் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அப்பா!" மகள் வெடித்தாள். "உங்க கௌரவத்துக்கு ஒரு அளவே கிடையாதா? மாமா முன்னாடி அம்மா பேர் கெட்டுடும்னு பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்க. அம்மா நாக்கு வறண்டு கிடக்கறாங்கப்பா!"

"நல்லாக் கேளுடி," என்றாள் அம்மா. "தூக்கத்துல கூட இவர்கிட்டருந்து ஒரு சத்தம் வந்ததில்லை. அது என்னுதுதான்."

"உன்னுது இல்லை."

"என் வயிறு எனக்குத் தெரியாதா?"

"எனக்கும் வயிறு இருக்கு!"

நர்ஸுக்குத் தலை சுற்றியது. "சார், இது உயிர் விஷயம். சத்தியமா நீங்கதானா?"

"நான்தான்." காதுமடல் சிவந்திருந்தது, கழுத்து மட்டும் வளையவில்லை. "நான், நான், நான். போதுமா?"

மகள் பெஞ்சின் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க எத்தனை பொய் சாட்சியைப் பார்த்திருப்பீங்க. நீங்களே சொல்லுங்க, அப்பா பொய்தானே சொல்றார்?"

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பொய்தாம்மா சொல்றார்."

"பார்த்தீங்களா!" மகள் அப்பாவைக் கையைப் பிடித்து விலக்கினாள். ஸ்பூன் நோயாளியின் உதட்டருகே போயிற்று.

"சிஸ்டர், அதைக் கீழ வைங்க!" ஜட்ஜ் எழுந்து நின்றுவிட்டார். "ஒரே பெஞ்சுல உட்கார்ந்திருந்தோம், அவருக்குத் தெரியாம இருக்குமா? அவர் காப்பாத்தப் பார்த்தது உங்க அம்மா மானத்தை இல்லம்மா. என் மானத்தை."

நோயாளிதான் முதலில் சிரித்தாள். தையல் போட்ட வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஐயோ வலிக்குதே" என்று அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவே கட்டிலிலிருந்து சின்னதாக, கூச்சத்தோடு, ஒன்று கேட்டது.

ஸ்டேஷன் மாஸ்டர் முதுகை நிமிர்த்தினார்.

"இப்பக் குடுங்க சிஸ்டர்," என்றார். "இது எங்க வீட்டுது."