நாற்பத்தொன்றாம் பக்கம்

ஊசியக்கா கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவை மேனேஜர் பக்கமே தள்ளி வைத்தாள்.

விசாரணை அறையில் நாங்கள் நாலு பேர். மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜரும் வெளியிலிருந்து வந்த விசாரணை அதிகாரியும். இந்தப் பக்கம் அவளும், அவளுக்குத் துணையாக நானும்.

எங்கள் தையல் ஃபேக்டரியில் ஊசி கொடுக்கிற கவுண்டர் அவளுடையது. என்னைவிட நாலு வயது சின்னவள். ஆனாலும் மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவள் ஊசியக்காதான்.

மெஷினில் ஊசி உடைந்தால் துண்டு அத்தனையையும் பொறுக்கிக்கொண்டு போய் அவளிடம் நீட்ட வேண்டும். எள்ளளவு குறைந்தாலும் புது ஊசி கிடையாது. ஒருமுறை மேனேஜரே வந்து கெஞ்சினார். தரையில் தேடச் சொல்லி அனுப்பினாள்.

அப்படிப்பட்டவள் மீதுதான் பழி.

கடைக்குப் போன குழந்தைக் கவுன் ஒன்றின் தையலில் ஊசிமுனை இருந்ததாம். நல்லவேளை, விற்பதற்கு முன்பே கண்ணில் பட்டுவிட்டது. துண்டைச் சரிபார்க்காமல் புது ஊசி கொடுத்தாள் என்று அவளைச் சஸ்பெண்ட் செய்து பன்னிரண்டு நாள் ஆகிறது. குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். அதைவிடப் பெரிதாக, பேர் போய்விடும்.

மேனேஜர் நீட்டிய தாளில் ‘தவறை ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஏற்கெனவே டைப் அடித்திருந்தது. போட்டுவிட்டால் நாளைக்கே வேலைக்கு வரலாமாம். நானாக இருந்தால் அழுதுகொண்டே போட்டிருப்பேன்.

இவளா போடுவாள்? விசாரணை முடியும்வரை வெளியே நிறுத்தி வைப்பதுதான் சஸ்பெண்ட், குற்றவாளி என்று அர்த்தமில்லை என்று அவருக்கே பாடம் எடுத்தாள். குற்றச்சாட்டை எழுத்தில் கேட்டு வாங்கியிருந்தாள். ஊசிப் பதிவேட்டை இந்த மேசைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, நகலையும் பத்திரமாக வைத்திருந்தாள். கூட வேலை செய்கிற ஒருவரைத் துணைக்கு உட்கார வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று கேட்டதும் அவள்தான்.

துணைக்கு யூனியன் ஆட்கள் யாரையாவது சொல்வாள் என்று நினைத்தார்கள். என் பேரைச் சொன்னாள்.

செக்‌ஷனே சிரித்தது. நான் வாயில்லாப்பூச்சி. ஆறிப்போன டீ கொடுத்தால்கூட ஒன்றும் சொல்லாமல் குடிக்கிறவன்.

எனக்குக் காரணம் தெரிந்த மாதிரிதான் இருந்தது. எட்டு மாதமாக ஊசி கேட்டு நான் அவள் கவுண்டரில் நின்றதே இல்லை. கவுனோ ஜீன்ஸோ, ரிப்பேருக்கு வருவது எல்லாம் என் கைக்குத்தான் வரும். கைராசிக்காரன் என்று எனக்குப் பெரிய பேர். அப்படிப்பட்டவன் பக்கத்தில் இருந்தால் அவளுக்கும் மரியாதை என்று, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

பதிவேடு வந்தது. மெஷினுக்கு ஒரு பக்கம். தேதி, நேரம், அதற்குக் கீழே டேப்பில் ஒட்டிய துண்டுகள். அதிகாரி ஸ்கேல் வைத்து ஒவ்வொன்றாக அளந்தார். அடியிலிருந்து முனைவரை எல்லா ஊசியும் முழுசு. ஒன்றுகூடக் குறையவில்லை.

மேனேஜர் முகம் தொங்கிப்போனது. இவள் எங்கள் ஃபேக்டரிக்காரி என்று எனக்கு ஒரே பெருமை.

“அப்படின்னா இந்த முனை எங்கிருந்துதான் வந்துச்சு?” என்றார் அதிகாரி.

தன் கவுண்டரிலிருந்து இல்லை, அதற்குமேல் சொல்வது தன் வேலை இல்லை என்றாள் அவள். பிறகு பதிவேட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாற்பத்தொன்றாம் மெஷின். ஒரு துண்டு டேப்கூட இல்லாத வெள்ளைப் பக்கம். என் மெஷின்.

எட்டு மாதம் ஊசி உடைக்காத டெய்லர் உலகத்திலேயே கிடையாது. அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி நீட்டியிருந்தால் அவள் மேல் விழுந்த பழி முதல் நாளே நீங்கியிருக்கும். எழுதவில்லை. துணைக்கு என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறாள்.

கை தானாகக் காலருக்கு அடியில் போனது. அங்கே நான் எப்போதும் குத்தி வைத்திருக்கும், வெளியில் வாங்கிய மூன்று ஊசிகளை எடுத்து மேசையில் வைத்தேன்.

பேர் கெட்டுவிடும் என்று உடைந்ததையெல்லாம் குப்பையில் போட்டதைச் சொன்னேன். அந்தக் கவுனில் முனை கிடைக்காமல் தேடியதைச் சொன்னேன். தரையில் விழுந்திருக்கும் என்று பன்னிரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டதையும் சொன்னேன். என்ன சொன்னாய் என்று யாரும் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. வாயில்லாப்பூச்சி முழுசாகப் பேசி முடித்தது.

அவளுக்கு வேலைக்குத் திரும்பும் உத்தரவு, எனக்குச் சஸ்பெண்ட். இரண்டு கடிதமும் ஒரே பிரிண்டரில் அடுத்தடுத்து வந்தன.

தலை குனியாமல்தான் வெளியே வந்தேன். என்ன திமிர் என்று மேனேஜர் நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

மாடிப்படியில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

“படிக்காம எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்கண்ணே. விசாரணைக்குத் துணையா நான் வரேன்.”